அலாய் வீல் மாட்டும் முன்

கார் டயரின் பக்கச் சுவரில் 185/65 ஆர்15 88எச் என்பது போன்ற குறியீடு ஒன்று இருக்கும். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்து வரும் 65, அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச் சுவரின் உயரம் என்பதைச் சொல்கிறது. இங்கே சுமார் 120 மி.மீ. 'ஆர்' ரேடியல் டயரைக் குறிக்கும். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மில்லிமீட்டரையும் விழுக்காட்டையும் அங்குலத்தையும் ஒரே வரியில் கலந்தடித்த குறியீடு இது. ஆனாலும் டயர் மாற்றுகிறவருக்கு வேண்டிய முதல் கணக்கு இதற்குள்தான் இருக்கிறது.

ரிம் விட்டத்துடன் பக்கச் சுவரின் உயரத்தை இரு மடங்காக்கிக் கூட்டினால் சக்கரத்தின் மொத்த விட்டம் கிடைக்கும். ரிம் பெரிதானாலும் இந்த விட்டம் மாறக் கூடாது. மாருதி ஸ்விஃப்டின் பேஸ் மாடலில் 165/80 ஆர்14 டயரும் டாப் மாடலில் 185/65 ஆர்15 டயரும் வந்திருக்கின்றன. முதலாவதன் விட்டம் 619.6 மி.மீ., இரண்டாவது 621.5. ரிம் ஓர் அங்குலம் கூடியும் விட்டத்தில் வேறுபாடு 2 மி.மீ.தான். அதே வரிசையில் 16 அங்குலத்துக்குப் போனால் 195/55 பொருந்தும்; 620.9 மி.மீ.

கடையில் கைவசம் இருக்கிறதென்று 195/60 ஆர்16 மாட்டினால் விட்டம் 640 மி.மீ.க்கு ஏறிவிடும், அதாவது 3 விழுக்காடு கூடுதல். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது கார் ஏறக்குறைய 103 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். ஓடிய தூரமும் குறைத்தே பதிவாகும். டயர் மாற்றிய பிறகு மைலேஜ் விழுந்துவிட்டது என்ற புலம்பலில் ஒரு பங்கு இந்தக் கணக்குப் பிழைக்குச் சேர வேண்டியது. தரைக்கும் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளியோ விட்டம் கூடியதில் பாதிதான் உயரும். இங்கே 10 மி.மீ.கூட இல்லை.

விட்டம் மாறாமல் ரிம் பெரிதாகும்போது பக்கச் சுவர்தான் குறுகுகிறது. 15 அங்குலத்தில் 120 மி.மீ. இருந்த சுவர், 205/45 ஆர்17 டயரில் 92 மி.மீ.தான். வளைவுகளில் கார் கச்சிதமாகத் திரும்பும் என்பது உண்மை. பள்ளத்தில் விழும் அடியை வாங்கிக்கொள்ள ரப்பர் இருக்காது என்பதும் உண்மை. அந்த அடி நேரே ரிம்முக்கும் சஸ்பென்ஷனுக்கும் போகும். இரும்பு ரிம் பெரும்பாலும் நெளியும். அலாய் விரிசல் விடலாம். நம் சாலைகளில் சின்ன காருக்கு 17 அங்குலம் வீண் ஆசை.

அளவு சரியாக இருந்தாலும் வீல் பொருந்திவிடும் என்று சொல்ல முடியாது. நட்டு துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டத்தை பி.சி.டி. என்பார்கள். ஸ்விஃப்டுக்கு 4x100, அதாவது 100 மி.மீ. வட்டத்தில் 4 துளைகள். ஃபியட் புன்டோவுக்கு 4x98. 2 மி.மீ.தானே என்று முறுக்கி ஏற்றினால் நட்டு கோணலாக உட்காரும், ஓட்டத்தில் தளரும். நடுத் துளையையும் பார்க்க வேண்டும். ஸ்விஃப்டின் ஹப் 54.1 மி.மீ.; வெளியில் விற்கும் வீல்களில் துளை பெரிதாக இருப்பது வழக்கம். இடைவெளியை நிரப்பும் வளையம் போடாவிட்டால் வீல் மையம் பிசகி, வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கக்கூடும்.

அதிகம் பேர் கவனிக்காதது ஆஃப்செட். வீல் ஹப்பில் ஒட்டும் முகத்துக்கும் ரிம்மின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரம் அது, ரிம்மில் 'ஈ.டி.' என்ற எழுத்துகளுடன் இருக்கும். 5.5 அங்குல அகலமும் ஈ.டி.45உம் கொண்ட ரிம்மைக் கழற்றிவிட்டு 7 அங்குலம், ஈ.டி.35 மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். அகலத்தால் பக்கத்துக்கு 19 மி.மீ., ஆஃப்செட்டால் இன்னொரு 10 மி.மீ.: வெளி விளிம்பு 29 மி.மீ. தள்ளி நிற்கும், உள் விளிம்பு 9 மி.மீ. உள்ளே போகும். பின்சீட்டில் மூன்று பேர் ஏறிய பிறகுதான் டயர் மட்கார்டில் உரசுவது தெரியவரும். வீல் பேரிங்கும் சீக்கிரம் தேயும். ரிம் அகலத்துக்கு ஏற்ற டயர் வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. 185/65 டயருக்கு 5 முதல் 6.5 அங்குலம் வரைதான் அனுமதி.

குறியீட்டின் கடைசியில் உள்ள 88, ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதற்கான எண். 'எச்' என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை ஓடத் தக்கது. நிறுவனம் கொடுத்ததைவிட இவ்விரண்டும் குறையக் கூடாது. மாற்றும்போது ஸ்டெப்னியையும் மறக்கக் கூடாது: மொத்த விட்டம் ஒத்துப்போகிறதா, பழைய ரிம்முக்கு உரிய நட்டுகள் டிக்கியில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். புது வீல்களைக் காப்பீட்டு நிறுவனத்திடம் தெரிவித்துப் பாலிசியில் சேர்ப்பதும் அவசியம்.

பேஸ் மாடல் வைத்திருப்பவருக்கு அதே காரின் டாப் மாடலில் வரும் அளவே நல்ல தேர்வு. அதன் விட்டம், ஆஃப்செட், எடை தாங்கும் திறன் எல்லாவற்றையும் நிறுவனமே அந்தக் காரில் ஓட்டிப் பார்த்துவிட்டது.