குஞ்சுக்கு ஒரு கதகதப்பான மூலை

பொரித்து ஒரு நாளே ஆன கோழிக்குஞ்சின் உடம்பில் இருப்பது மெல்லிய தூவி மட்டுமே. இறகு முளைத்த பிறகுதான் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறன் அதற்கு முழுமையாக வரும். அதற்கு மூன்று, நான்கு வாரம் ஆகும். அதுவரை தாய்க்கோழி சிறகுக்கடியில் அணைத்துக்கொள்ளும். இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுக்கு அந்தச் சூட்டை விளக்கோ கரியடுப்போ தர வேண்டும். அதற்கான அடைப்பைத்தான் பண்ணைக்காரர்கள் புரூடர் என்கிறார்கள். தமிழக அரசின் மானியத் திட்டங்களில் நான்கு வார வயதுக் குஞ்சுகள் வழங்கப்பட்டிருக்கின்றன. முதல் மாதக் கண்டத்தைத் தாண்டிய குஞ்சு என்பதே அதன் பெரிய அனுகூலம்.

காஞ்சிபுரத்தைச் சுற்றி, வாலாஜாபாத், உத்திரமேரூர்ப் பக்கம், முப்பது குஞ்சு வாங்கி வளர்ப்பவருக்குத் தனிக் கொட்டகை கட்டுப்படியாகாது. இருக்கிற கோழிக் கொட்டகையின் ஒரு மூலையே போதும். கூரையும் கதவும் கீரி நுழையாத கம்பி வலையும் அங்கே ஏற்கெனவே இருக்கும். ஆனால் பெரிய கோழி, பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே நோய்க்கிருமியைச் சுமக்கும். குஞ்சுகளைத் தனியே வளர்ப்பதே நல்லது என்று கால்நடைத் துறையினர் சொல்வது இதனால்தான். ஒரே கூரைதான் வழி என்றால், இடையில் இரண்டடி உயரத்துக்குச் செங்கல்லோ தகரமோ வைத்து, அதற்கு மேல் கூரை வரை கம்பி வலை அடிக்க வேண்டும். காலையில் குஞ்சுகளைக் கவனித்துவிட்டுத்தான் பெரிய கோழிப் பக்கம் போக வேண்டும். வரிசை மாறினால் செருப்பிலேயே நோய் வந்துவிடும்.

அடைப்பு வட்டமாக இருக்க வேண்டும். சதுரப் பெட்டியில் குளிரும்போது குஞ்சுகள் மூலையில் அடைந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் சிக்கியவை மூச்சுத் திணறிச் சாகும். நான்கு வாரம் வரை குஞ்சுக்கு அரைச் சதுர அடி என்பது கணக்கு. முப்பது குஞ்சுக்கு நாலரையடி குறுக்களவுள்ள வட்டம் சரியாக வரும். ஒன்றரை அடி அகலத் தகடு பதினைந்து அடி வாங்கினால் போதும். முதல் சில நாள் தகட்டை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி மூன்றடி வட்டமாகக் கட்டிவிட்டு, பிறகு மெல்ல மெல்ல அகட்டலாம். தரையில் இரண்டு அங்குல உயரத்துக்கு உமியோ வேர்க்கடலைத் தோலோ பரப்ப வேண்டும். உமிக்கு இந்தப் பக்கத்து அரிசி ஆலைகளில் பஞ்சமில்லை. அதன்மேல் முதல் நாலைந்து நாளைக்குச் செய்தித்தாள் விரிப்பது அவசியம். இல்லாவிட்டால் குஞ்சுகள் தீவனம் என்று நினைத்து உமியைக் கொத்தித் தின்னும்.

சூட்டுக்குக் குஞ்சுக்கு இரண்டு வாட் என்ற கணக்கில் அறுபது வாட் ஆகும். ஒரே பல்பைவிட நாற்பது வாட் குண்டு பல்பு இரண்டு மாட்டுவது புத்திசாலித்தனம். நடுராத்திரியில் ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது எரியும். எல்.இ.டி. இதற்கு உதவாது; அது வெளிச்சம் தரும், குஞ்சுக்கு வேண்டிய சூடு தராது. விளக்கு உமியிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தொங்கட்டும். ஒயரை நம்பாமல் தனிக் கம்பியில் கட்டவேண்டும், உமியில் விழுந்தால் தீப்பிடிக்கும். முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அடுத்தடுத்த வாரம் ஐந்தைந்து டிகிரி குறைவு என்பது பொது விதி. வெப்பமானியைக் குஞ்சின் முதுகு உயரத்தில் வைத்தால்தான் அது சொல்வது பொருந்தும்.

அதைவிடத் துல்லியமான அளவுகோல் குஞ்சுகளே. விளக்கடியில் குவிந்து கீச்சிட்டால் சூடு போதவில்லை. தகட்டோரம் ஒதுங்கி, வாய் பிளந்து, இறக்கையைத் தளர்த்திக் கிடந்தால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து குளிர்காற்று அடிக்கிறது. அடைப்பு முழுக்கப் பரவி மேய்ந்தும் படுத்தும் இருந்தால் விளக்கைத் தொடவே வேண்டாம்.

எந்த மாதம் குஞ்சு இறக்குவது என்பதைச் சந்தை தீர்மானிக்கிறது. நாட்டுக்கோழி விற்பனைக்கு வர மூன்று நான்கு மாதம் ஆகும். புரட்டாசியில் பெருமாளுக்காகப் பலர் கறி தொடுவதில்லை. வியாபாரம் தீபாவளியில் மீளும். அதற்கு ஆடியில் இறக்கும் குஞ்சுக்குப் பருவம் சாதகம். ஆடிக் கூழ்த் திருவிழாவுக்கு வளர்ப்பவர் பங்குனி, சித்திரையில் இறக்குவார். அப்போது பகலில் விளக்கை அணைத்து, கூரைக்குக் கீற்றுப் போட வேண்டியிருக்கும். பொங்கலுக்கான குஞ்சுதான் சிரமம். ஐப்பசி அடைமழையில், தெருவில் பாவு விரிக்க முடியாமல் நெசவாளர் காத்திருக்கும் அதே நாட்களில், உமியிலும் ஈரம் ஏறும். ஈர உமி ரத்தக் கழிச்சலுக்கு வழி. தினமும் கிளறி, கட்டி தட்டியதை அள்ளிப் போட வேண்டும். புயல் நாளில் மின்சாரம் போனால் மண்சட்டியில் கனிந்த கரி கைகொடுக்கும். சட்டியைச் செங்கல்மேல் வைத்து, மேலே துளையிட்ட சட்டியைக் கவிழ்க்கலாம். சாக்குத் திரையைப் பக்கவாட்டில் மட்டுமே கட்டவேண்டும், மேலே காற்று போக இடம் வேண்டும். கரிப்புகையின் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.

குஞ்சு வந்தவுடன் முதலில் தண்ணீர், அப்புறம் தீவனம். வெல்லம் கலந்த தண்ணீர் பயணக் களைப்பைப் போக்கும். தட்டில் வைத்தால் கூழாங்கல் போட்டு வைக்க வேண்டும், நனைந்த குஞ்சு பிழைப்பது கடினம். ஐந்திலிருந்து ஏழாம் நாளுக்குள் வெள்ளைக்கழிச்சலுக்கு எதிரான லாசோட்டா சொட்டு மருந்தைக் கண்ணில் ஒரு துளி விட வேண்டும். காட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம் இந்த வட்டாரத்துக்குப் பக்கத்தில் பயிற்சிக்கான இடம். 1989-ல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின்கீழ் இயங்கும் அந்த நிலையம், 2019 மாவட்டப் பிரிவினைக்குப் பின் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது.

இறகு மூடியதும் விளக்கைப் பகலில் நிறுத்தி, பிறகு இரவிலும் நிறுத்திவிடலாம். தகட்டு வளையத்தை எடுத்தாலும் இடைவலை அப்படியே இருக்கட்டும்; சின்னக் குஞ்சைப் பெரிய கோழி கொத்தாமல் விடாது. வலை வழியே ஒன்றையொன்று சில வாரம் பார்த்துப் பழகிய பிறகு திறந்துவிடலாம். காலியான மூலையில் பழைய உமியை முழுதாக வாரி எருக்குழியில் கொட்டி, தரைக்குச் சுண்ணாம்பு அடித்து, பதினைந்து நாளாவது காயப்போட்ட பிறகே அடுத்த குஞ்சுகளை இறக்க வேண்டும்.