தீக்குச்சியின் தருக்கம்: மானி மட்டரின் பாடல்கள்

சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் மொழிப் பகுதியில் பாடநூலும் நாளிதழும் சட்டமும் பொது ஜெர்மனில் எழுதப்பட, வீட்டிலும் கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் மக்கள் தத்தம் வட்டார வழக்கையே பேசுகின்றனர். எழுத்துக்கு ஒன்றும் பேச்சுக்கு ஒன்றுமாக ஒரே மொழியின் இரு வடிவங்கள் அருகருகே வழங்கும் இந்நிலையை மொழியியலார் 'இரட்டை வழக்கு' என்பர். எழுத்துத்தமிழும் பேச்சுத்தமிழும் அறிந்த தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. பெர்ன் நகரத்தின் பேச்சு வழக்கிலேயே பாடல்களை எழுதி, கிதார் ஒன்றை மட்டும் துணையாகக் கொண்டு பாடி, 36 வயதில் மறைந்த மானி மட்டர், அவ்வழக்கில் நுட்பமான சிந்தனையையும் சொல்லமுடியும் என்று காட்டியவர்.

1936 ஆகஸ்ட் 4 அன்று பெர்ன் மாநிலத்து ஹெர்சோகன்புக்ஸேயில் பிறந்த இவரது இயற்பெயர் ஹான்ஸ் பீட்டர் மட்டர். தந்தை வழக்கறிஞர், தாய் நெதர்லாந்து நாட்டவர். 'மானி' என்பது சாரணர் இயக்கத்தில் நிலைத்துவிட்ட பெயர். பாடல் இவருக்கு ஒருபோதும் பிழைப்பாக இருந்ததில்லை. தந்தையைப் போலவே சட்டம் பயின்று முனைவர் பட்டம் பெற்று, 1969 முதல் பெர்ன் நகராட்சியின் சட்ட ஆலோசகராகப் பணியாற்றிய இவர், பகலில் கோப்புகளையும் மாலையில் மேடையையும் கவனித்தார். அப்பணிக்கு முன்பு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தங்கி, அரசு என்பது பல குழுக்களின் இணக்கத்தால் நிற்பது என்னும் பன்மைவாத அரசுக் கோட்பாட்டைப் பற்றி ஆய்வுநூல் ஒன்றும் எழுதினார். அது 2012இல்தான் அச்சேறியது.

பாடல் கலையில் இவருக்கு முன்னோடி ஜார்ஜ் பிரசான்ஸ் என்னும் பிரெஞ்சுப் பாடகர். பாடுபவரே எழுதி மெட்டமைத்து, இசையைவிடச் சொல்லுக்கே முதலிடம் கொடுக்கும் பிரெஞ்சுப் பாடல் வகையான 'ஷான்சோன்' மரபில் பிரசான்ஸ் தலைசிறந்தவர். அம்மரபைப் பெர்ன் வழக்குக்குக் கொண்டுவந்த மட்டர், 1953இலேயே, பள்ளி மாணவராக இருக்கும்போதே, முதல் பாடலை எழுதினார். 1960களில் ஒத்த மனமுடைய நண்பர்களோடு சிறு அரங்குகளில் பாடத் தொடங்க, அக்குழு 'பெர்ன் ட்ரூபடூர்கள்' எனப் பெயர் பெற்றது. ட்ரூபடூர் என்பது இடைக்காலத் தென்பிரான்சின் பாணர்களைக் குறிக்கும் சொல். அதுவரை வட்டார வழக்கில் வந்த எழுத்தில் கிராமத்து வாழ்வின் மீதான ஏக்கமே மிகுந்திருந்தது. கவிஞர் குர்ட் மார்ட்டி போன்றோர் அதே காலத்தில் அவ்வழக்கை நவீனக் கவிதைக்கு எடுத்தாள, மட்டர் அதை நகரத்து நகைச்சுவைக்கும் தத்துவ விசாரணைக்கும் கருவியாக்கினார்.

இவரது பாடல்கள் பெரும்பாலும் அற்பமான ஒரு நிகழ்ச்சியில் தொடங்கும். புகழ்பெற்ற தீக்குச்சிப் பாடலில், சிகரெட்டுக்காகக் கிழித்த குச்சி கைதவறித் தரைவிரிப்பில் விழுகிறது. அதை எடுக்காமல் விட்டிருந்தால் விரிப்பு எரிந்து, வீடு பற்றி, ஊர் கலவரப்பட்டு, ஐக்கிய நாடுகள் சபையும் அதன் எதிரிகளும் சுவிட்சர்லாந்தின் அமைதியைக் காக்கப் பீரங்கி வண்டிகளோடு வந்து, உலகப் போர் மூண்டு, மனித குலமே அழிந்திருக்கும் என்று கண்ணிகள் படிப்படியாக ஏறுகின்றன; நல்லவேளையாகக் குச்சி எடுக்கப்பட்டுவிட்டது என்பதோடு பாட்டு முடிகிறது. ஒவ்வொரு படியும் முந்தையதிலிருந்து முறையாகப் பிறப்பதால் கேட்பவர் சிரித்துக்கொண்டே பேரழிவு வரை உடன்செல்கிறார். அணு ஆயுத அச்சம் நிலவிய காலத்தில் அச்சிரிப்பு வெறும் சிரிப்பாக இருந்திருக்க முடியாது. வேறொரு பாடலில், முடிதிருத்தகத்தின் எதிரெதிர்க் கண்ணாடிகளில் தம் தலையே வரிசையாக முடிவின்றி நீள்வதைக் காண்பவர், முடிவிலியின் அச்சம் தாளாமல் எழுந்து ஓடுகிறார். ஒரு படிமத்தை அதன் கடைசி விளைவு வரை விடாமல் இழுத்துச் செல்லும் இம்முறையில் சட்ட அறிஞரின் தருக்கப் பயிற்சி தெளிவாகத் தெரிகிறது. எளிய மெட்டும் சில சுரச்சேர்க்கைகளும் போதுமென்று அவர் நிறுத்திக்கொண்டதும் சொல்லின் ஓட்டம் தடைப்படக் கூடாது என்பதற்காகவே.

1971இல் தனித்து நடத்திய நிகழ்ச்சிகளால் பெர்னுக்கு வெளியிலும் புகழ் பரவியது. மறு ஆண்டு நவம்பர் 24 அன்று, ராப்பர்ஸ்வீல் நகரில் பாடுவதற்காகக் காரில் சென்றுகொண்டிருந்தபோது, சூரிச் அருகே கில்க்பெர்கில் நிகழ்ந்த விபத்தில் உயிரிழந்தார்.

அவர் மறைவுக்குப் பின் பாடல்களின் வாழ்வு மேலும் விரிந்தது. 1970களில் போலோ ஹோஃபர் முதலியோர் பெர்ன் வழக்கில் ராக் இசை படைக்கத் தொடங்கியபோது, அவ்வழக்கில் நகரத்து வாழ்வைப் பாடலாம் என்பது முன்பே நிறுவப்பட்டிருந்தது. மனிதனைக் குரங்கிலிருந்து பிரிப்பது தயக்கம் என்று வாதிடும் 'ஹெம்மிகே' என்னும் பாடலை 1991இல் ஸ்டெஃபான் ஐகர் புதிய இசையமைப்பில் பாட, வழக்கு அறியாத பிரெஞ்சு மக்களும் அதை விரும்பிக் கேட்டனர். 1992இல் இளைய கலைஞர்கள் பலர் சேர்ந்து அவரது பாடல்களை ராக் இசையாக்கி ஓர் இசைத்தொகுப்பையே வெளியிட்டனர். இன்று ஜெர்மன் பேசும் சுவிஸ் பள்ளிகளில் பாடப்புத்தகம் பொது ஜெர்மனில் இருக்க, மாணவர்கள் மனப்பாடமாகப் பாடுவது, நகராட்சி அலுவலர் ஒருவர் மாலை நேரங்களில் எழுதிய இந்தப் பேச்சுவழக்குப் பாடல்களைத்தான்.