இண்டக்‌ஷன் அடுப்பு திடீர்னு 'லாக்' ஆயிடுச்சா? பதறாதீங்க... இந்த வரிசையில செக் பண்ணுங்க!

பௌர்ணமி அன்னிக்குக் காலையில ஏழரை மணி. நான் சென்னையில ஆபீஸ் கிளம்பிக்கிட்டு இருந்தேன். திருவண்ணாமலை வேங்கிக்கால்ல இருந்து அம்மா போன்.

"இந்த கரன்ட் அடுப்பு செத்துப்போச்சுப்பா. எதைத் தொட்டாலும் 'கீ'ன்னு கத்துது. சூடு ஏறவே மாட்டேங்குது. தாத்தாவுக்கு வேற ஊசி போட்டுட்டேன்!"

தாத்தாவுக்குச் சர்க்கரை. இன்சுலின் போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடவில்லை என்றால் சர்க்கரை சர்ரென்று இறங்கிவிடும். கேஸ் முந்தின நாளே தீர்ந்துபோயிருந்தது. புக் பண்ணிய சிலிண்டர் வரவில்லை. பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டம். அம்மா தாத்தாவைத் தனியாக விட்டுவிட்டு வெளியே போய் இட்லி வாங்கி வருவதும் நடக்காத காரியம்.

"மொதல்ல தாத்தாவுக்கு ரெண்டு பிஸ்கட் குடும்மா. குடுத்துட்டு வீடியோ கால்ல வா" என்றேன்.

வந்தார். கேமராவை அடுப்புப் பக்கம் திருப்பச் சொன்னேன். பட்டன்களுக்கு ஓரத்தில், குட்டியாக ஒரு பூட்டுப் படம். அதன் மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "அந்தப் பூட்டு மேல விரலை வெச்சு, மூணு எண்ணுற வரைக்கும் எடுக்காதம்மா." ஒரு 'பீப்' சத்தம். விளக்கு அணைந்தது. அடுப்பு வேலை செய்தது. மொத்தமே ரெண்டு நிமிஷம்தான்!

அடுப்பு ரிப்பேரே ஆகவில்லை. பூட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இதே மாதிரி போன் நாளைக்கு உங்களுக்கும் வரலாம். எதை முதலில் பார்க்கணும், எதை அப்புறம் பார்க்கணும்... வரிசையாகத் தெரிஞ்சுக்கலாம் வாங்க.

அதுவா எப்படிப் பூட்டிக்குது?

இதற்குப் பெயர் 'சைல்டு லாக்'. குழந்தைகள் விளையாட்டாகத் தொட்டு அடுப்பைப் பற்ற வைத்துவிடக் கூடாது, சூட்டைக் கூட்டிவிடக் கூடாது என்பதற்காக வைத்திருக்கும் வசதி.

டச் அடுப்பில் அமுக்கும் பட்டன் கிடையாது. கண்ணாடிக்கு அடியில் இருக்கும் சென்சார், நம் விரல் பக்கத்தில் வந்ததும் ஏற்படும் மின்னூட்ட மாற்றத்தை வைத்துத்தான் 'தொட்டுட்டாங்க' என்று புரிந்துகொள்கிறது. உங்கள் போன் ஸ்கிரீனும் இப்படித்தான். மழையில் நனைந்த போன் தானாகவே எதையாவது ஓப்பன் பண்ணும் இல்லையா? ஈரத் துணியும் அடுப்புக்கு விரல் மாதிரியேதான் தெரியும். அம்மா கேஸ் அடுப்பைத் துடைக்கிற பழக்கத்தில் இதையும் அழுத்தித் துடைத்திருக்கிறார். துணி பூட்டுப் படத்தின் மேல் சில விநாடிகள் நின்றிருக்கிறது. அடுப்பு 'சரி'யென்று பூட்டிக்கொண்டது.

பூட்டைத் திறப்பது எப்படி?

* பேனலை காய்ந்த துணியால் துடையுங்க. கையையும் துடைச்சுக்குங்க. ஈர விரலாக இருந்தாலும் திறக்காமல் போகலாம்.
* பூட்டுப் படம் அல்லது 'லாக்' என்று எழுதியிருக்கும் இடத்தில் விரலை வைத்து 3 முதல் 5 விநாடிகள் எடுக்காமல் வையுங்க. தட்டித் தட்டி எடுத்தால் திறக்காது.
* பூட்டுப் படமே இல்லையா? சில மாடல்களில் கூட்டல், கழித்தல் குறிகள் ரெண்டையும் சேர்த்து அழுத்தணும். உங்கள் மாடலுக்கு எது என்பது கூட வந்த கையேட்டில் இருக்கும். புத்தகம் தொலைந்துபோயிருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஆறிய அடுப்பைத் திருப்பி, அடியில் இருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண்ணைப் பாருங்க. கம்பெனியின் வெப்சைட்டில் அந்த எண்ணைப் போட்டுத் தேடலாம்.
* அப்படியும் திறக்கவில்லையா? சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டு, ஐந்து நிமிஷம் கழித்துப் போடுங்க. சில அடுப்புகள் இதிலேயே சரியாகிவிடும். சில, பூட்டை ஞாபகம் வைத்திருக்கும். மறுபடி ஒருமுறை அழுத்திப் பிடிக்கணும்.

முக்கியமான விஷயம்... பூட்டியிருக்கும்போதும் பெரும்பாலான மாடல்களில் அணைக்கும் பட்டன் மட்டும் வேலை செய்யும். பால் பொங்கும்போது லாக் ஆகிவிட்டாலும் பயப்பட வேண்டாம். அணைத்துவிடலாம். அதுவும் கேட்கவில்லை என்றால் பாத்திரத்தைத் தூக்கினாலே போதும், சூடாவது நின்றுவிடும்.

வெளிநாட்டில் இருக்கிற அக்கா, அண்ணன் வீட்டில் அடுப்பும் ஓவனும் சேர்ந்த பெரிய 'ரேஞ்ச்' இருக்கும். அதிலும் இதே 'கன்ட்ரோல் லாக்' உண்டு, திறப்பதும் பெரும்பாலும் இப்படித்தான். கூடுதலாக ஒரு விஷயம்: ஓவன் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் 'செல்ஃப் கிளீன்' ஓடும்போது, சில மாடல்களில் மேலே இருக்கும் அடுப்புகளும் வேலை செய்யாது. அது முடிந்து, ஆறும் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

லாக் இல்லை... ஆனாலும் சூடாகலையா?

பாத்திரத்தைப் பாருங்க. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இந்த அடுப்பின் அடிப்படை. கண்ணாடி சூட்டைக் கிளப்புவதில்லை. அடியில் இருக்கும் காயில் உண்டாக்கும் காந்தப்புலம், பாத்திரத்தின் அடிப்பாகத்தையே சூடாக்குகிறது. அதனால் காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் வேணும். ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்த பொம்மையை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்க. நல்லா ஒட்டினால் ஓகே. சாதாரண அலுமினியக் குண்டான், செம்பு, மண்சட்டிக்கெல்லாம் இந்த அடுப்பு அசையாது. கத்திவிட்டுத் தானாக அணைந்துவிடும்.

கரன்ட்டைப் பாருங்க. நம்ம ஊர் வீட்டு இணைப்பு 230 வோல்ட். அது ரொம்பக் குறைந்தாலோ கூடினாலோ, அடுப்பு 'ஈ' என்ற ஆங்கில எழுத்தோடு ஓர் எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிடும். அது என்ன சொல்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கையேட்டில் பாருங்க. வோல்டேஜ் பிரச்னை என்றால், சீரானதும் அடுப்பு பழையபடி வேலை செய்யும்.

காத்து போகுதான்னு பாருங்க. அடுப்பின் அடியிலும் பின்னாலும் ஓட்டைகள் இருக்கும். உள்ளே இருக்கும் ஃபேன் அது வழியாகத்தான் மூச்சு விடுகிறது. 'அழுக்காகக் கூடாது' என்று அடியில் பிளாஸ்டிக் ஷீட்டோ நியூஸ் பேப்பரோ விரித்தால் உள்ளே சூடேறி, அடுப்பு தன்னையே நிறுத்திக்கொள்ளும். சமையல் முடிந்த உடனே மெயின் சுவிட்சை அணைக்காதீங்க. ஃபேன் ஓடி நிற்கட்டும்.

பிளக்கைப் பாருங்க. 2,000 வாட் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். போன் சார்ஜர் போடும் சின்ன பாயின்ட்டுக்கு அது தாங்காது. பெரிய 16 ஆம்பியர் பாயின்ட்தான் வேணும். பிளக் கறுத்திருந்தாலோ, உருகின வாசனை வந்தாலோ உடனே நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

இதை மட்டும் செய்யாதீங்க!

* யூடியூப் பார்த்து அடுப்பைக் கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.
* கண்ணாடியில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் பயன்படுத்தாதீங்க. பொங்கி வழியும் பால் உள்ளே இறங்கினால் ஷாக் அடிக்கலாம்.
* கூகுளில் தேடி முதலில் வரும் 'கஸ்டமர் கேர்' நம்பரை நம்பிக் கூப்பிடாதீங்க. போலி நம்பர்கள் நிறைய உலவுகின்றன. பில், வாரன்டி கார்டு, கம்பெனியின் வெப்சைட் - இந்த மூன்றில் இருக்கும் நம்பர் மட்டும்தான். 'ஒரு ஆப் இறக்குங்க, ஓடிபி சொல்லுங்க' என்றால் கட் பண்ணிடுங்க. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்க. வாரன்டி இருந்தும் கம்பெனி இழுத்தடித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நாம செய்ய வேண்டியது

அன்னைக்கு நான் மீட்டிங்கில் இருந்து போனை எடுக்காமல் விட்டிருந்தால்? அந்த நினைப்பு ரொம்ப நாள் உறுத்தியது. ஆன்லைனில் ஆர்டர் போட்டு அடுப்பை ஊருக்கு அனுப்பியது நான். கையேட்டை ஒருமுறைகூடப் பிரித்துப் பார்க்காததும் நான்தான். அதில் தமிழ் கிடையாது. அம்மாவுக்கு அதைப் படித்துச் சொல்லவும் யாரும் இல்லை.

அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது, ஒரு பேப்பரில் பெரிய எழுத்தில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டினேன்: 'கையைத் துடை. பூட்டை மூணு எண்ணும் வரை அழுத்து. ஆகலைன்னா சுவிட்சை அணைச்சு அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போடு.' அதோடு அம்மாவையே நாலு தடவை பூட்டித் திறக்க வைத்தேன். அவர் கையாலேயே செய்து பார்த்த பிறகுதான் பயம் போனது. தாத்தாவுக்குச் சாப்பாடு அடுப்பிலிருந்து இறங்கிய பிறகுதான் ஊசி என்பதையும் பழக்கமாக்கிவிட்டோம்.

இப்போதெல்லாம் துடைக்கும் முன்னால் அம்மாவே அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, 'லாக்' போட்டுவிடுகிறார். "பூட்டிட்டுத் துடைச்சா எதுவும் மாறாது பாரு" என்று எனக்கே பாடம் எடுக்கிறார். போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா, "எங்க அடுப்பும் கத்துதுக்கா" என்று ஓடி வந்தாராம். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே போய், மூணு எண்ணித் திறந்துகொடுத்துவிட்டு வந்திருக்கிறார்!