சீதாதேவி இறங்கிய பலாலி

சீதாபிராட்டி இலங்கைக்கு வந்தது இராவணனுடைய தேரில்; மீண்டு சென்றது புட்பக விமானத்தில். இரண்டும் ஆகாய மார்க்கமே. ஆகவே 'எயார் சிலோன்' ஸ்தாபனத்தார் தமது விமானம் ஒன்றுக்குச் 'சீதாதேவி' என்று நாமகரணஞ் செய்தது மிகப் பொருத்தம் என்றே நாம் கருதுகிறோம்.

1947 ஆம் ஆண்டு டிசம்பர் 10 ஆந் திகதி அந்தச் சீதாதேவி இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டது. அதுவே அச்சேவையின் முதற் பிரயாணம். இலங்கை சுதந்திரம் பெற இன்னும் இரண்டு மாதங்கள் இருந்தன. வழியில் விமானம் இறங்கிய இடம் காங்கேசன்துறை விமான நிலையம்; நாம் பலாலி என்று வழங்குவது. இடைத்தங்கலுக்கு இதைவிடத் தக்க இடமில்லை. பலாலியிலிருந்து தெற்கே இரத்மலானை சுமார் 330 கிலோமீற்றர். வடக்கே சென்னை சுமார் 350 கிலோமீற்றர். ஆகாயக் கணக்கில் யாழ்ப்பாணத்தார் இரண்டு பட்டணங்களுக்கும் நடுவே குடியிருக்கிறார்கள்!

அக்காலத்தில் அந்தச் சிறு ஸ்தாபனத்திடம் இருந்தவை மூன்றே 'டக்கோட்டா' விமானங்கள். மற்றை இரண்டின் பெயர்கள் விகாரமகாதேவி, சுனேத்திராதேவி. மூன்று தேவிகளும் அரண்மனையில் வளர்ந்தவர்கள் அல்லர். டக்கோட்டா யுத்தத்திலே சிப்பாய்களையும் தளபாடங்களையும் சுமந்த வண்டி. ஏறத்தாழ இரண்டரைத் தொன் பாரம் தூக்கும். சாமான் ஏற்றுவதற்கெனப் பின்புறம் அகன்ற இரட்டைக் கதவு உண்டு. வாற்பக்கச் சக்கரம் மிகச் சிறியதாகையால், தரையில் நிற்கும்போது மூக்கை உயர்த்திக்கொண்டே நிற்கும். உள்ளே ஏறுகிறவர் குன்றேறுவது போலத் தம் ஆசனத்தை அடைய வேண்டும்.

பலாலி ஓடுபாதையும் இரண்டாவது மகாயுத்த காலத்தில் பிரித்தானிய விமானப்படையினர் அமைத்ததே. யுத்தம் விட்டுச்சென்ற தரையில், யுத்தம் விட்டுச்சென்ற விமானம் வந்திறங்கிக் குடும்பங்களை ஏற்றிச் சென்றது.

பின்னர் ஸ்தாபனம் பெரிய இடத்துச் சம்பந்தங்கள் செய்துகொண்டது. 1949 இல் அவுஸ்திரேலியக் கம்பனி ஒன்று 49 வீதப் பங்காளியாயிற்று. இலண்டனுக்கும் சிட்னிக்கும் விமானங்கள் பறந்தன. அந்தப் பெருமைகளை விரித்துரைக்க நாம் முற்படவில்லை.

1978 செப்டெம்பர் 7 ஆந் திகதி, பலாலியிலிருந்து இரத்மலானை சேர்ந்த அவ்ரோ விமானம் ஒன்று குண்டு வெடித்து அழிந்தது. பிரயாணிகள் இறங்கிவிட்டபடியால் உயிர்கள் தப்பின. அடுத்த ஆண்டில் எயார் லங்கா தோன்றியது. எயார் சிலோன் மறைந்தது. பலாலியை மீண்டும் யுத்தமே எடுத்துக்கொண்டது. 1990 இல் பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறைச் சனங்கள் வீடு வளவுகளை விட்டு வெளியேறினர்.

வாசகர்கள் இதனால் பட்ட சிரமத்தை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சென்னையில் ஒரு கலியாணமோ சாவீடோ என்றால், யாழ்ப்பாணத்தார் முதலில் முதுகைத் திருப்பிக்கொண்டு தெற்கே கொழும்புக்குப் போக வேண்டும். தெருவழியாகச் சுமார் 400 கிலோமீற்றர். அங்கிருந்து விமானமேறி மறுபடி வடக்கே பறக்க வேண்டும். பாதை அடைபட்டிருந்த வருடங்களில் கொழும்பை அடைவதே தனிக் கதை.

2019 நவம்பரில் சென்னைச் சேவை மீண்டும் தொடங்கியது. நான்கு மாதங்களில் கொரோனா அதனை நிறுத்தியது. 2022 டிசம்பர் 12 ஆந் திகதி மறுபடியும் சென்னையிலிருந்து ஒரு விமானம் பலாலியில் இறங்கியது. அதற்கும் டக்கோட்டாவைப் போல இரண்டு சுழல்விசிறிகளே.