உடம்பு செய்து முடிக்கும் நஞ்சு

நுரையீரலைக் கெடுக்கும் நஞ்சு எது என்று கேட்டால் ஆலைப் புகை, லாரிப் புகை, பீடி என்று வெளியிலேயே விரலை நீட்டுகிறோம். நஞ்சு முழுதாகத் தயாராகி வந்து நம்மைத் தாக்குகிறது என்பது பொதுவான எண்ணம். சில பொருள்களில் இது பாதி உண்மைதான். உள்ளே நுழையும்போது அவை ஏறக்குறைய சாது. மீதி வேலையை நம் செல்களே முடித்துவைக்கின்றன. நாஃப்தலீன் அப்படிப்பட்டது. டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவை மடிப்புக்குள் போடும் அந்துருண்டை அதுதான். விறகுப் புகையில் கலந்திருக்கும் பல வளைய ஹைட்ரோகார்பன்களிலும் அளவில் முன்னிற்பது இதே பொருள். கிரிவலப் பாதையில் வருண லிங்கத்தைத் தாண்டி வரும் அடி அண்ணாமலை போன்ற ஊர்களில், காஸ் வந்த பிறகும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகு வேண்டியிருக்கிறது. ஈர மிலாறையும் மல்லாட்டைத் தோலையும் அடுப்பில் திணித்து, குனிந்து ஊதுகுழலில் ஊதும் பெண் ஒவ்வொரு ஊதலுக்குப் பிறகும் மூச்சை இழுத்தாக வேண்டும். முகத்துக்கு ஒரு முழத்தில் எழும் புகைதான் அப்போது உள்ளே போகிறது.

எண்ணெயில் கரையும் அந்நியப் பொருள்கள் உடம்பில் தங்கிவிடக் கூடியவை. அவற்றைத் தண்ணீரில் கரைகிற மாதிரி மாற்றிச் சிறுநீரில் அனுப்ப, சைட்டோகுரோம் பி450 என்னும் நொதிக் குடும்பம் இருக்கிறது. தலையில் ஊறிய எண்ணெயைச் சீயக்காய் எடுப்பது போன்ற வேலை. ஆனால் நாஃப்தலீனோடு ஓர் ஆக்சிஜனைச் சேர்த்ததும் கிடைப்பது எபாக்சைடு. அது நிலையில்லாதது, பக்கத்தில் எந்தப் புரதம் இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். குளூட்டாதயோன் என்ற காப்புப் பொருள் செல்லில் இருப்பு இருக்கும்வரை அதைக் கட்டிப்போடும். இருப்பு தீர்ந்தால் செல் சாகும். சுண்டெலியில் மூச்சுக்குழாயின் நுண்கிளைகளை மூடியிருக்கும் கிளாரா செல்களில் இந்த நொதி மிகுதி. அதனால் நாஃப்தலீனை அதன் வயிற்றில் ஊசியால் செலுத்தினாலும் கல்லீரல் தப்பிவிடுகிறது, நுரையீரலில் இந்தச் செல்கள் உதிர்கின்றன. நொதியை முன்கூட்டியே மருந்தால் தடுத்தால் சேதம் குறைகிறது. குளூட்டாதயோனைக் குறைத்துவிட்டுக் கொடுத்தால் சேதம் கூடுகிறது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், அந்த நொதிக்குரிய மரபணுவையே நீக்கிய சுண்டெலிகளின் நுரையீரல் நாஃப்தலீனைத் தாங்கி நின்றது. குற்றம் பொருளில் மட்டும் இல்லை, அதை மாற்றும் கையிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

சுண்டெலிக்கு நடப்பது மனிதனுக்கு நடக்குமா என்று கேட்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள். மனித நுரையீரல் நாஃப்தலீனை மாற்றும் வேகம் சுண்டெலியைவிடப் பல மடங்கு குறைவு. சுண்டெலியைவிடப் பெரிய எலி இனத்துக்கே நுரையீரலைவிட மூக்குதான் அதிகம் கெடுகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் நாஃப்தலீனை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற பிரிவில் வைத்ததோடு நின்றதற்குக் காரணம், மனிதரில் போதிய சான்று இல்லாததுதான். அந்துருண்டை வாசனை பட்டாலே புற்றுநோய் என்று பயமுறுத்துவது தவறு. ஆனால் வேகம் குறைவு என்பதற்கு மாற்றமே இல்லை என்று பொருளல்ல. ஜி6பிடி நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைக்கு அந்துருண்டையோடு வைத்திருந்த துணியைப் போர்த்தி, சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை கண்ட சம்பவங்கள் மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ளன. அங்கே சிவப்பணுவை உடைப்பதும் உடம்பு நாஃப்தலீனை மாற்றிச் செய்த பொருள்கள்தான். நுரையீரலுக்கே சாட்சி வேண்டுமென்றால், அதே புகையில் வரும் பென்சோபைரீனைப் பார்க்கலாம். பி450 நொதிகள் அதைப் படிப்படியாக மாற்றி, டிஎன்ஏவோடு ஒட்டும் எபாக்சைடாக்குகின்றன. மனித செல்களில் அது பி53 மரபணுவின் எந்தெந்த இடங்களில் ஒட்டுகிறதோ, நுரையீரல் புற்றுக் கட்டிகளில் அதே இடங்களில்தான் பழுது அதிகம் என்று 1996இல் காட்டினார்கள். இது சுண்டெலிக் கதை இல்லை.

“எங்க பாட்டி தொண்ணூறு வயசு வரைக்கும் விறகடுப்புலதான் சமைச்சாங்க, ஒண்ணும் ஆகலையே” என்பது அடுத்த வாதம். பாட்டி பிழைத்ததற்கும் விளக்கம் இந்த வேதியியலிலேயே இருக்கிறது. நஞ்சாக்கும் நொதியின் வேகமும், குளூட்டாதயோனை ஒட்டவைக்கும் நொதியின் பலமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். அப்படி ஒட்டவைக்கும் நொதிகளில் ஒன்றுக்கான ஜிஎஸ்டிஎம்1 மரபணு பலருக்குப் பிறவியிலேயே இருப்பதில்லை. ஒருவர் தாங்கிய புகையை அவர் மருமகள் தாங்குவாள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பீடியைத் தொடாமலே மூச்சிரைப்பு நோயில் விழுந்த பெண்களை அந்தப் பாட்டியின் பக்கத்தில் வைத்து யாரும் எண்ணுவதில்லை, அதுதான் வேதனை. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழகக் கிராமத்து வீடுகளில் புகையை அளந்து 2002இல் வெளியிட்ட ஆய்வு, சமைப்பவர்தான் அதிகம் சுவாசிக்கிறார் என்றாலும் வீட்டில் இருக்கும் மற்றவர்களும் தப்புவதில்லை என்று காட்டியது.

உடம்பின் நொதிகளை நம்மால் மாற்ற முடியாது. அவற்றுக்குக் கொடுக்கும் சரக்கைக் குறைக்க முடியும். ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் நாஃப்தலீன் அந்துருண்டையை விற்பனையிலிருந்து நீக்கிவிட்டது. நம் ஊர் மளிகைக் கடையில் அது இன்னமும் தொங்குகிறது. வீட்டில் பச்சைக் குழந்தை இருந்தால் அந்துருண்டை வேண்டாம். நிழலில் காய்ந்த வேப்பிலையும் வசம்பும் போதும். விறகு எரித்தே ஆக வேண்டுமென்றால், நன்றாகக் காய்ந்த விறகாக, திறந்த வெளியில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்ளாமல் எரியுங்கள். சிலிண்டர் விலைக்குப் பயந்து வெந்நீருக்கு விறகை வைத்திருக்கும் வீடுகளுக்கு மானியத்தை உயர்த்திக் கொடுக்க வேண்டியது அரசின் கடமை. அதைக் கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.