பின்னாலிருந்து தள்ளும் காற்று

போகிற தூரமும் திரும்புகிற தூரமும் ஒன்றுதானே? பிறகு ஏன் விமானப் பயண நேரம் மட்டும் மாறுகிறது?

நியூயார்க்கிலிருந்து லண்டன் போக ஏறக்குறைய ஏழு மணி நேரம். திரும்பி வர எட்டு மணி நேரம்! காரணம், சுமார் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஜெட் காற்றோட்டம். லண்டன் போகும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளிவிடும். திரும்பும்போது எதிர்க்காற்றாகி இழுத்துப் பிடிக்கும். 2020 பிப்ரவரியில், புயல் வீசிய ஓர் இரவில், அந்தக் காற்று தள்ளிய தள்ளலில் ஒரு பயணிகள் விமானம் ஐந்து மணி நேரத்துக்குள்ளேயே லண்டனில் இறங்கிவிட்டது. அம்மாடி, என்ன வேகம்!

அட்லாண்டிக் கடலுக்கு மேலே விமானங்கள் செல்லும் பாதைகளைக் காற்றின் போக்கைப் பார்த்துத் தினமும் புதிதாக வகுக்கிறார்கள். அடுத்த முறை வெளிநாட்டுக்கு டிக்கெட் எடுத்தால், போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்களேன்.