ப்ரொபேஷன் கிடைத்துவிட்டால் வழக்கு முடிந்துவிட்டதா?

கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் குற்றவியல் வழக்குகளை நடத்தும் ஒரு வழக்கறிஞரிடம் உதவியாளராக இருக்கிறேன். கட்சிக்காரர்களின் வாய்தா தேதி, கட்ட வேண்டிய அபராதம், முடிக்க வேண்டிய வகுப்பு எல்லாவற்றையும் குறித்துவைத்து அவர்களை விரட்டிக்கொண்டே இருப்பதுதான் என் வேலை. மென்பொருள் வேலைக்காக இங்கே வந்த தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. குடித்துவிட்டுக் கார் ஓட்டி, பிடிபட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு, ப்ரொபேஷன் வாங்கிய கையோடு அவர்கள் கேட்கும் கேள்வி: “கேஸ் முடிஞ்சிடுச்சு இல்லக்கா?”

முடியவில்லை, தம்பி. இனிமேல்தான் கவனமாக இருக்க வேண்டும்.

இங்கே 21 வயது நிரம்பியவரின் ரத்தத்தில் மது 0.08 சதவீதம் இருந்தால் கார் ஓட்டுவது குற்றம். முதல் முறை, யாருக்கும் காயமில்லை என்றால் அதிகபட்சம் ஆறு மாதச் சிறை. நீதிபதி அதை நிறுத்திவைத்து 3 முதல் 5 ஆண்டு வரை ப்ரொபேஷன், அதாவது நன்னடத்தைக் காலம், கொடுக்கிறார். சிறு குற்றங்கள் பலவற்றுக்கு இந்தக் காலத்தை ஓராண்டாகக் குறைத்த சட்டம் 2021-இல் நடைமுறைக்கு வந்தது. குடித்து ஓட்டியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

முதல் முறை சிக்கியவருக்குப் பெரும்பாலும் தனிக் கண்காணிப்பு அதிகாரி கிடையாது. யாரும் போன் செய்து விசாரிப்பதில்லை. அதனாலேயே அசட்டை வந்துவிடுகிறது. நிபந்தனைகளோ நிறைய: அபராதம், மூன்று மாத மது விழிப்புணர்வு வகுப்பு, போலீஸ் கேட்டால் மறுக்காமல் பரிசோதனை, வேறு எந்தக் குற்றமும் செய்யாதிருத்தல். இந்தக் காலம் முழுவதும் 0.08 என்ற கணக்கும் செல்லாது. 0.01 சதவீதம் இருந்தாலே ஓட்டக் கூடாது. ஒரே ஒரு பீர் போதும், அந்த அளவைத் தாண்டிவிடும்.

மறுபடியும் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபடுகிறவர்கள் ஒரு பக்கம். நான் அதிகம் பார்ப்பது வேறு வகை. வகுப்புக்கு அனுமதித்த அளவுக்கு மேல் மட்டம் போட்டால் பெயரை நீக்கி நீதிமன்றத்துக்கும் வாகனத் துறைக்கும் தகவல் அனுப்பிவிடுவார்கள். “ஆபீஸ்ல ரிலீஸ் இருந்துச்சுக்கா” என்பது அங்கே எடுபடாது. இன்னொரு தம்பி, லைசென்ஸ் முடக்கப்பட்டிருந்த நேரத்தில், காய்ச்சலில் கிடந்த குழந்தைக்கு மருந்து வாங்கக் காரை எடுத்தார். பின் விளக்கு ஒன்று எரியவில்லை என்று போலீஸ் நிறுத்தியது. அன்று அவர் சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. ஆனாலும் அது புதிய குற்றம். குறைந்தது 10 நாள் சிறை என்கிறது சட்டம். பழைய வழக்கில் ப்ரொபேஷனை மீறியதும் சேர்ந்துகொண்டது.

மீறல் நீதிமன்றத்தின் காதுக்கு எட்டினால் பிடிவாரண்ட் வரலாம். விசாரணையில் ஜூரி கிடையாது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதும் இல்லை; மீறியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நீதிபதிக்குப் பட்டால் போதும். அவர் எச்சரித்துப் பழையபடி தொடரவிடலாம், நிபந்தனைகளைக் கூட்டலாம், ப்ரொபேஷனை ரத்துசெய்து சிறைக்கும் அனுப்பலாம். குடித்து ஓட்டிய குற்றமே பத்தாண்டுக்குள் மீண்டும் நிரூபணமானால், அதற்கான சிறைக்காலம் ஓராண்டு வரை போகும்.

விசாவும் இதில் மாட்டிக்கொள்கிறது. குடித்து ஓட்டிக் கைதானாலே, தீர்ப்பு வரும் முன்பே, அமெரிக்க வெளியுறவுத் துறை விசாவை ரத்துசெய்ய முடியும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போனால், புது விசா கிடைக்கும்வரை திரும்பி வர முடியாது. அந்த நேரத்தில் ப்ரொபேஷன் மீறலும் பதிவாகியிருந்தால் தூதரகத்தில் என்ன பதில் சொல்வது?

குற்றத்தை ஒப்புக்கொள்ளும் படிவத்தில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே சிறு கட்டம் இருக்கும். படித்ததற்கு அடையாளமாக அதில் கையெழுத்துச் சுருக்கம் போட வேண்டும். பலர் வேகமாகப் போட்டுக்கொண்டே போவார்கள். ஒரு வரியில் மட்டும் அவர்களை நிறுத்திப் படிக்கச் சொல்வேன். மதுவோடு ஓட்டுவது உயிருக்கு ஆபத்து. இனியும் அப்படி ஓட்டி யாராவது இறந்தால் உங்கள் மீது கொலை வழக்குப் போடலாம் என்கிறது அது. 1981-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் வாட்சன் வழக்கில் அளித்த தீர்ப்பின் வழி வந்த எச்சரிக்கை. தெரியாது என்று பிறகு சொல்ல முடியாது. அந்தக் கொலைக் குற்றத்துக்குத் தண்டனை 15 ஆண்டு முதல் ஆயுள்வரை.

தவறிவிட்டால் வழியே இல்லையா? இருக்கிறது. வாரண்ட் வரும்வரை ஒளிந்திருக்காதீர்கள். வகுப்பு விட்டுப்போனால் அன்றே வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். மறுபடி சேர்ந்து, சேர்ந்ததற்கான சீட்டோடு நீங்களாகவே நீதிபதி முன் போய் நில்லுங்கள். அபராதம் கட்டப் பணம் இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லுங்கள். வேண்டுமென்றே கட்டாமல் இருந்தாரா, உண்மையிலேயே வசதியில்லையா என்று விசாரிக்காமல் சிறையில் தள்ளக் கூடாது என 1983-இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தவணையோ, பதிலுக்குச் சமூக சேவையோ கேட்கலாம்.

முன்கூட்டியே வந்து சொன்னவரையும் போலீஸ் பிடித்துக் கொண்டுவந்தவரையும் நீதிபதிகள் ஒரே மாதிரி நடத்தி நான் பார்த்ததில்லை. தேதிகளை வீட்டில் இன்னொருவரிடமும் கொடுத்துவையுங்கள். ப்ரொபேஷன் முடியும்வரை, குடித்த அன்று கார் சாவியைத் தொடவே தொடாதீர்கள். முடிந்த பிறகும்தான்.